ஆறு மார்க் கேள்விக்கு ஆறு பக்கம் எழுதச் சொல்லாதீய

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

போன வாரம் நம்ம பேப்பர் கல்விப் பக்கத்துல பெரிய கேள்விக்கு விடை எழுதுறது எப்படின்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீய. கேள்வி எதுவா இருந்தாலும் பக்கத்தை நிரப்பணுமாம், அடிஷனல் ஷீட் வாங்குனா திருத்துதவங்களுக்கு நம்ம மேல ஒரு மதிப்பு வருமாம், பாடத்துல இருக்கத பூராம் கொட்டிட்டா எங்கயாவது மார்க் மாட்டுமாம். மத்த பாடத்துக்கு எப்படியோ எனக்குத் தெரியாது, சைக்காலஜிக்கு இது சரிவராது. நான் பாளையங்கோட்டையில பிளஸ் டூ பிள்ளையளுக்கு சைக்காலஜி சொல்லிக்குடுக்கவ, என்கிட்ட படிக்க வாரதுவ உங்க கட்டுரைய கத்தரிச்சு நோட்டுல ஒட்டி, மஞ்சக் கலர் வேற அடிச்சு வச்சிருக்குவ, அதான் இந்த லெட்டர். பேப்பர்ல வந்துட்டா நம்ம பேச்சு எடுபடுமா, நீங்களே சொல்லுங்க.

இப்படி ஒரு பாடம் பள்ளிக்கூடத்துல இருக்குன்னே நெறைய பேருக்குத் தெரியாது, சைக்காலஜி டீச்சர்னு சொன்னா என் மனசுல இப்ப என்ன இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்னு கேக்கவிய இன்னும் இருக்காவ, அதனால பேப்பர் எப்படி இருக்கும்னு ரெண்டு வரி. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்புல கோட் நம்பர் 037, எழுத்துத் தேர்வு 70 மார்க், பிராக்டிக்கல் 30 மார்க். ஒரு மார்க், ரெண்டு மார்க்னு ஏறிப்போயி ஆறு மார்க் கேள்விதான் பெருசு. அந்த ஆறு மார்க்குக்கே 200 வார்த்தைக்குள்ள எழுதுன்னு கேள்வித்தாள்லயே போட்டிருக்கும். 200 வார்த்தைன்னா ஒண்ணேகால் பக்கம், கோழிமுட்டை சைஸ்ல எழுதுற பிள்ளைன்னா ஒண்ணரை. இதுல அடிஷனல் ஷீட்டுக்கு எங்க வேலை?

திருத்துதவங்க கையில மார்க்கிங் ஸ்கீம்னு ஒண்ணு இருக்கும். இந்தக் கேள்விக்கு என்னென்ன வேல்யூ பாயிண்ட் வரணும், எதுக்கு எத்தனை மார்க்னு அதுல பிரிச்சுப் போட்டிருக்கும். சாம்பிள் பேப்பரோட சேத்து அதுக்கான ஸ்கீமையும் போர்டே வருசா வருசம் வெப்சைட்ல போடுதாவ, யார் வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடலாம். நம்ம பிள்ளைய சாம்பிள் பேப்பர மட்டும் பிரிண்ட் எடுத்துட்டு ஸ்கீமை விட்ருதுவ, பெத்தவிய காசு குடுத்து கைடு வாங்கிக் குடுக்காவ.

ஒரு கேள்விய எடுத்தே காட்டுதேன். சோஷியல் லோஃபிங்னா என்ன, அது ஏன் நடக்குது, எப்படி குறைக்கலாம், உதாரணத்தோட விளக்கு. கூட்டமா சேந்து ஒரு வேலைய செய்யும்போது, தனியா செஞ்சா போடுத உழைப்பைவிட ஒவ்வொருத்தரும் கம்மியா போடுதாவல்லா, அதுதான் விசயம். இதுக்கு பிள்ளைய என்ன எழுதும்னா, குரூப்னா என்னன்னு ஆரம்பிக்கும், குரூப் எப்படி உருவாகுதுன்னு போகும், டக்மேன் சொன்ன ஃபார்மிங் ஸ்டார்மிங் நார்மிங் எல்லாம் வரிசையா வரும், பிரைமரி குரூப் செகண்டரி குரூப் வரும், ஒரு பக்கம் முடிஞ்சு போயிருக்கும், கேட்டது மட்டும் இன்னும் வந்திருக்காது. எழுதுனதுல ஒரு வரி தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அதுக்கு மார்க் போட ஸ்கீம்ல இடமே இல்ல. அங்க உக்காந்திருக்கவங்க என்ன செய்வாவ, ரெண்டாவது பக்கத்துல எங்கயோ ஓரமா கிடக்குத ரெண்டு பாயிண்ட்டைத் தேடிப் பிடிச்சு ரெண்டோ ரெண்டரையோ போட்டுட்டு அடுத்ததுக்குப் போவாவ. பிள்ள வீட்டுக்கு வந்து நல்லா எழுதினேன், மார்க் போடமாட்டேங்காவன்னு அழும்.

இந்தப் பாடம் நடத்தும்போது நான் கைட தொறக்கவே விடல. ஆனித் தேரோட்டத்துக்கு போயிருக்கியளா, நெல்லையப்பர் தேர் வடத்தைப் பிடிச்சிருக்கியளான்னு கேட்டேன். எல்லாரும் கைய தூக்குச்சுவ. ரதவீதியில அத்தனை பேரு வடத்தைப் பிடிக்காவளே, அதுல நெசமா இழுக்கது எத்தனை பேரு, வடத்துல ஒரு கையும் செல்போன்ல ஒரு கையுமா செல்ஃபி எடுக்கது எத்தனை பேருன்னு கேட்டதும் ஒரே சிரிப்பு. ஒருத்தன் எந்திரிச்சு, நான் வடத்தைத் தொட்டு கும்பிட்டதோட சரி டீச்சர்ங்கான். பாடம் முக்கால்வாசி அங்கயே முடிஞ்சு போச்சு. பிரான்சுல மேக்ஸ் ரிங்கல்மேன்னு ஒரு விவசாய இன்ஜினியர், அவர் ஆளுகள கயிறு இழுக்கச் சொல்லித்தான் இதைப் பாத்தாரு, ஆள் கூடக்கூட மொத்த இழுவை கூடுது, ஆனா தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுப் பாத்தா குறையுது, 1913ல அதை வெளியிட்டாரு. பொறவு 1979ல லாட்டானேயும் கூட இருந்தவங்களும் பசங்கள கை தட்டவும் சத்தம் போடவும் சொல்லிப் பாத்தாவ, தனியா தட்டுனப்போ ஒரு அளவு, கூட்டமா தட்டுனப்போ ஆளுக்கு அதைவிடக் கம்மி. நம்ம பாடப்புத்தகத்துல இருக்கது இந்தக் கைதட்டு சோதனைதான்.

இனி விடைய எழுதுறது பெரிய காரியமா? முதல் வரியில டெஃபனிஷன், சுத்தி வளைக்காம. அடுத்தாப்ல கைதட்டு சோதனை ரெண்டே வரி. பொறவு காரணம். நான் இழுத்தேனா இல்லையான்னு யாரும் தனியா பாக்கப் போறதில்ல, பொறுப்பு எல்லாருக்குமா பிரிஞ்சு போயிருது, எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே மூச்சுல இழுக்கது அமையமாட்டேங்கு, அந்தக் கூட்டத்துல ஒருத்தரா இருக்கது எனக்கு அப்படியொண்ணும் முக்கியமா படல. ஒவ்வொரு காரணத்தோடயும் தேர அப்பமே ஒட்டவச்சிரணும், காரணத்தை எல்லாம் வரிசையா எழுதிட்டு கடைசியில உதாரணம் தேர்னு ஒத்த வரி போட்டா அது உதாரணத்தோட விளக்குனதாகாது. குறைக்கிறதுக்கு, யாரு எவ்வளவு செஞ்சாவன்னு வெளிய தெரியற மாதிரி வைக்கணும், வேலை முக்கியம்னும் உன் பங்கு இல்லன்னா நடக்காதுன்னும் புரியவைக்கணும், குரூப்புக்குள்ள ஒட்டுதல் வளக்கணும். அவ்வளவுதான், 200 வார்த்தைக்குள்ள நின்னுரும். திருத்துதவங்களுக்கு நம்ம ஊர் தேர் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, அதனால நெறைய பேர் வடம் பிடிச்சு இழுக்குத கோயில் தேர்னு அரை வரி சேத்துக்கிடணும். (தேர் அசையாம நின்னா பின்னால சக்கரத்துக்கு அடியில தடி போட்டு நெம்புதவிய இருக்காவல்லா, அவிய ஏமாத்த முடியாது, ஏமாத்துனா உடனே தெரிஞ்சிரும், அதனால அங்க லோஃபிங் கிடையாதுன்னு ஒரு பிள்ள எழுதிட்டு வந்துச்சு. அந்த வரி எந்த கைடுல கிடைக்கும்?)

இதே பாடத்துல, நாலு பேரு பாக்கும்போது வேலை இன்னும் நல்லா நடக்குல்லா, அந்த சோஷியல் ஃபெசிலிட்டேஷனையும் லோஃபிங்கையும் வேறுபடுத்திக் காட்டுன்னு கேட்டா அது வேற வேலை. பிள்ளைய மேல ஒண்ணைப் பத்தி ஒரு பத்தி, கீழ இன்னொண்ணைப் பத்தி ஒரு பத்தி எழுதிட்டு, வித்தியாசத்தை நீங்களே பாத்துக்கிடுங்கன்னு விட்ருதுவ. அப்படி இல்ல. ரெண்டுக்கும் பொதுவா ஒரு கேள்வியப் பிடிக்கணும். என்னோட வேலைய தனியா எடைபோட முடியுமா? முடியும்னா, நாலு பேரு பாக்காவன்னு ஒரு உசுப்பு வரும், பழகுன வேலைய இன்னும் வேகமா செய்வேன், 1898ல டிரிப்லெட் சைக்கிள் ரேஸ்காரங்கள வச்சு எழுதுனது இதைத்தான். முடியாதுன்னா, கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிடுவேன், அது லோஃபிங். ஒரே அளவுகோல்ல ரெண்டையும் வச்சு எழுதுன நாலு வரிக்கு ரெண்டு பக்கத்தைவிட மார்க் கூட.

அடுத்தது கேஸ் குடுத்து கேக்க கேள்வி. இப்ப இதுதான் கூட வருது, இதுலதான் நம்ம பிள்ளைய கவுந்து விழுதுவ. ஒரு பையன், பிளஸ் டூ, பரீட்சை நெருங்க நெருங்க தலைவலிங்கான், ராத்திரி தூக்கம் இல்ல, புத்தகத்தைத் தொறந்தா மண்டையில ஏறல, சின்ன விசயத்துக்கு எரிஞ்சு விழுதான். அவன் நெலமைய விளக்கி, எப்படி சமாளிக்கலாம்னு சொல்லணும். நான் பாத்த ஒரு விடை, ஸ்ட்ரெஸ்ஸோட வகைகள்னு ஆரம்பிச்சு, ஸ்ட்ரெஸ்ஸை உடம்பு எதிர்கொள்ளுததுக்கு ஹான்ஸ் செல்யே சொன்ன மூணு கட்டத்தையும் படம் போட்டு விளக்கி, கடைசியில யோகா செய்யணும் தியானம் செய்யணும் சத்தான காய்கறி சாப்பிடணும்னு முடிஞ்சிருக்கு. அந்தப் பையன் பேரு விடை பூராவுலயும் ஒரு இடத்துலகூட வரல. யாரைப் பத்தி கேட்டாவளோ அவனை வாசல்லயே நிக்கவச்சாச்சு.

செய்ய வேண்டியது, கேஸ்ல இருக்க ஒவ்வொரு சங்கதியையும் பென்சில்ல கோடு போட்டு அதுக்கு மேல பாடத்துல உள்ள பேர எழுதிக்கிடணும். தலைவலி உடம்பைச் சேந்தது, ஃபிசியாலஜிக்கல். எரிஞ்சு விழுதது எமோஷனல். படிச்சது ஏறலங்கது காக்னிட்டிவ். தூக்கம் கெட்டதை புத்தகம் பிஹேவியரல்ல வச்சிருக்கு, இது நெறைய பேரு மாத்தி எழுதுத இடம். நாலும் வந்தாச்சா, அப்புறம் ஸ்ட்ரெஸ்ஸை நாம எப்படி எடைபோடுதோம்னு லாசரஸ் சொன்ன ரெண்டு மதிப்பீடு. பரீட்சைய அவன் சவாலா பாக்கானா, மிரட்டலா பாக்கானா, அது முதல் மதிப்பீடு. என்னால இதை சமாளிக்க முடியுமா, எனக்கு உதவிக்கு என்ன இருக்குன்னு கேக்கது ரெண்டாவது. இந்தப் பையன் ரெண்டுலயும் தோத்துட்டு நிக்கான்னு கேஸ்லயே இருக்கும், அதை எடுத்துக் காட்டணும். சமாளிக்கிறதுக்கு என்ட்லரும் பார்க்கரும் சொன்ன மூணு வழி, வேலையப் பாத்து இறங்குறது, மனசை தேத்திக்கிடுறது, அந்தப் பக்கமே போகாம தப்பிக்கிறது. இவனுக்கு எது எந்த அளவுக்கு உதவும்னு சொல்லணும், மூணையும் சும்மா பட்டியல் போட்டுட்டு ஓடக்கூடாது. டைம்டேபிள் போட்டு பாடத்தைப் பிரிச்சுப் படின்னு சொன்னா அது முதல் வழின்னு பேரோட சொல்லு. பேரு இல்லாத அறிவுரைய எதிர்த்த வீட்டு ஆச்சிகூட சொல்லிருவா, அதுக்கு போர்டு எக்ஸாம் எதுக்கு?

சைக்கலாஜிக்கல் டிஸ்ஆர்டர்ஸ் பாடத்துல வேற ஒரு தலைவலி, சினிமா. பக்கத்து வீட்டுக்காரங்க தன்னைக் கொல்லப் பாக்காவன்னு ஒருத்தர் நம்புதாரு, யாரும் இல்லாத நேரத்துல குரல் கேக்குங்காருன்னு கேஸ் வரும். பாதிப் பிள்ளைய ஸ்பிலிட் பெர்சனாலிட்டின்னு எழுதிட்டு வந்துருதுவ, ஏன்னா படத்துல அப்படித்தான் பாத்திருக்கு. இந்தக் கேஸ்ல இருக்கது ஸ்கிசோஃப்ரீனியா, அது வேற, ஒருத்தருக்குள்ள ரெண்டு மூணு ஆள் மாறி மாறி வார டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் வேற. ஒண்ணை இன்னொண்ணுன்னு எழுதுனா அதுக்குப் பொறவு எவ்வளவு அழகா எழுதுனாலும் அந்த விடை எந்திரிக்காது. கொல்லப் பாக்காவன்னு நம்புதது டெல்யூஷன் ஆஃப் பெர்செக்யூஷன், குரல் கேக்கது ஆடிட்டரி ஹாலுசினேஷன், ரெண்டும் பாசிட்டிவ் சிம்ப்டம் (நல்லதுன்னு அர்த்தம் இல்ல, இயல்பா இல்லாத ஒண்ணு கூடுதலா வந்து சேருதது), இப்படி கேஸுக்கும் பேருக்கும் முடிச்சு போட்டா மார்க் தானா வரும். இன்னொண்ணு, பைத்தியம், லூசு, மென்டல்னு விடைத்தாள்ல எழுதுறத நான் கண்டா சிவப்பு பேனாவ எடுத்துருவேன், மார்க்குக்காக மட்டும் சொல்லல, இந்தப் பாடத்தைப் படிச்ச பிறகும் அப்படிப் பேசுனா படிச்சு என்ன பிரயோசனம்.

ஃப்ராய்டைப் பத்தி விமர்சனத்தோட எழுதுன்னு கேட்டா, மனசை அவர் மூணா பிரிச்ச இட், ஈகோ, சூப்பர் ஈகோன்னு எல்லாம் எழுதும், விமர்சனம் வராது. பெரும்பாலும் கேஸ் ஸ்டடிய வச்சே சொல்லியிருக்காரு, பாத்த ஆளுக கம்மி, ஆம்பளையளையே அளவா வச்சு பொம்பளையளப் பத்தி சொல்லிட்டாரு, இது எல்லாம் புத்தகத்துலயே இருக்கு. எழுத ஏன் பயம்னு தெரியல, பெரிய ஆளை குறை சொன்னா மார்க் குறைச்சிருவாவளோன்னு நெனைக்கும்போல.

அப்புறம் வருசம், பேரு. உங்க கட்டுரையில நெறைய சைக்காலஜிஸ்ட் பேரு எழுதுனா மதிப்புன்னு போட்டிருந்துச்சு. சரியா தெரிஞ்சா எழுதலாம், தப்பில்ல. ஆனா தெரியாத வருசத்தை குத்துமதிப்பா போடுததும், பாவ்லோவ் செஞ்சதை ஸ்கின்னர் தலையில கட்டுததும் திருத்துதவங்க கண்ணுல முதல்ல படும். வருசம் சந்தேகமா இருந்தா விட்ரு, சோதனையில என்ன செஞ்சாவ, என்ன தெரிஞ்சுது, அது போதும். மேல உள்ளவங்க சொன்னா அடுத்த ஆளுக்கு எவ்வளவு ஷாக் குடுப்பாவன்னு பாத்த மில்கிராமோட முதல் சோதனையில 40 பேர்ல 26 பேர் 450 வோல்ட் வரைக்கும் போனாவன்னு ஞாபகம் இருந்தா எழுது, இல்லன்னா பாதிக்கு மேலன்னு எழுது, பொய் இல்லல்லா.

மனப்பாடம் பண்ணாம எப்படின்னு பெத்தவிய கேப்பாவ. மனசுல நிக்கணுந்தான், நான் இல்லங்கல. ஆனா எப்படி நிக்கும்ங்கதையும் இந்தப் பாடமே ஆராய்ச்சி பண்ணியிருக்கு. 2006ல ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவங்களுக்கு ஒரு பகுதிய படிக்கக் குடுத்து, சில பேர திரும்பத் திரும்ப படிக்கச் சொன்னாவ, சில பேர புத்தகத்தை மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதச் சொன்னாவ. அஞ்சு நிமிசம் கழிச்சு கேட்டா திரும்பத் திரும்ப படிச்சவங்க முன்னால இருக்காங்க, ஒரு வாரம் கழிச்சு கேட்டா மூடி வச்சு எழுதுனவங்க முன்னால போயிட்டாவ. நம்ம வீடுகள்ல நடக்கது எது? காலையில நாலு மணிக்கு எழுப்பிவிட்டு சத்தமா படின்னு சொல்லி பக்கத்துலயே காப்பியோட உக்காந்திருக்கது. சத்தம் கேட்டா அம்மாவுக்கு திருப்தி, பிள்ளைக்கும் படிச்சுட்டோம்னு ஒரு நெனப்பு. அதே நேரத்துக்கு புத்தகத்தை மூடி வச்சிட்டு ஒரு கேள்விக்கு விடை எழுதி, பொறவு தொறந்து விட்டுப்போனத வேற கலர்ல சேத்தா அது பரீட்சை ஹாலுக்கும் கூட வரும்.

என்கிட்ட வாரதுவள நான் செய்யச் சொல்லுதது, எழுதும் முன்னால விடைய நம்ம ஊர் பேச்சுலயே வாயால சொல்லு, வீட்ல ஆச்சி இருந்தா ஆச்சிகிட்ட சொல்லு, பக்கத்துல இருக்கவன்கிட்ட சொல்லு. அவிய எதுக்குன்னு கேட்டா அதுக்கும் பதில் சொல்லு. பரீட்சை எழுதுறது இங்கிலீஷ்ல, அதுல நம்ம பிள்ளையளுக்கு சிக்கல் என்னன்னா புரியாததையும் இங்கிலீஷ்ல மறைச்சு எழுதிரலாம், வாக்கியம் பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. தமிழ்ல ஆச்சிகிட்ட சொல்லும்போது மறைக்க முடியாது, எங்க திக்குதோ அங்க தெரியலன்னு அர்த்தம்.

ஹால்ல 10:15க்கு கேள்வித்தாள் குடுத்துருவாவ, 10:30க்குத்தான் பேனா எடுக்கணும். அந்த 15 நிமிசத்துல பாதிப் பிள்ளைய சாமி கும்பிட்டுட்டு முதல் பக்கத்தையே பாத்துட்டு இருக்கும். பெரிய கேள்விக்குப் போயி சாய்ஸ்ல எதை எழுதப் போறோம், கேள்விக்குள்ள எத்தனை கேள்வி ஒளிஞ்சிருக்கு, என்ன, ஏன், எப்படின்னு மூணு இருந்தா மூணுக்கும் பதில் இருக்கான்னு பாக்கதுக்கு உள்ள நேரம் அது. ஆறு மார்க்குல ரெண்டு ரெண்டா மூணு கேக்காவன்னா ஒண்ணை மட்டும் ரெண்டு பக்கம் எழுதுனாலும் ரெண்டுக்கு மேல கிடைக்காது, இதை எத்தனை தடவை சொன்னாலும் ஒவ்வொரு வருசமும் யாராவது ஒருத்தர் அதையே செய்யுதாவ.

கையெழுத்து விசயத்துல உங்க கட்டுரையோட நான் ஒத்துப்போறேன். ஒண்ணு நல்லா இருந்தா மத்ததும் நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கதுக்கு ஹாலோ எஃபெக்ட்னு பேரு, தார்ன்டைக் 1920லயே எழுதிட்டாரு, திருத்துதவங்களும் மனுசங்கதானே. ஆனா அந்த நல்ல பேரு முதல் ரெண்டு வரிக்குத்தான் தாங்கும், மூணாவது வரியில விசயம் இருக்கணும்.

அதனால நான் கேட்டுக்கிடுறது இதுதான். கல்விப் பக்கத்துல முழு விடைய அச்சடிச்சுப் போடுததை நிறுத்துங்க, அது அப்படியே மனப்பாடத்துக்குத்தான் போகும். அதுக்குப் பதிலா ஒரு கேள்வி, அதுக்கு ஒரு பிள்ள எழுதுன விடை, எந்த வரிக்கு மார்க் விழுந்துச்சு எந்த வரிக்கு விழலன்னு பக்கத்துல குறிச்சுப் போடுங்க, வாரத்துக்கு ஒண்ணு போதும். இந்த சோஷியல் லோஃபிங் கேள்விக்கே என்கிட்ட ரெண்டு விடை இருக்கு, ஒண்ணு மூணு பக்கம், இன்னொண்ணு ஒண்ணேகால் பக்கம், பேரு போடாம போட்டுக்கிடலாம்னு எழுதுன பிள்ளையளும் வீட்லயும் சம்மதம் சொல்லியாச்சு. டைப் பண்ணி அனுப்பணுமா, நோட்டையே போட்டோ எடுத்து அனுப்புனா போதுமான்னு மட்டும் தெரிவிங்க.

இப்படிக்கு,
சைக்காலஜி டீச்சர் ஒருத்தி,
பாளையங்கோட்டை